என் பெயரில் போன பதில்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெயில் தாங்கவில்லை. சனிக்கிழமை மில்லில் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டு, மெயில் சர்வர் பட்டென்று அணைந்ததன் பலன் இன்று. கணக்குப் பிரிவிலிருந்து போன்: "மேரியக்கா, புதுசா பதினாலு மெயிலுங்குது. தெறந்தா ஒண்ணுகூட இல்ல." பருத்திக் கொள்முதலில் தலைகீழ். அழித்த மெயிலெல்லாம் திரும்ப வந்து நிற்கிறதாம்.

மெயில்கள் தனித்தனிக் கோப்பாக ஓரிடத்தில். அவற்றின் பட்டியல் வேறிடத்தில். இரண்டும் ஒத்துப்போகவில்லை. இருக்கிற கோப்புகளை வைத்துப் பட்டியலைப் புதிதாக எழுத வைக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியாக. மொத்தம் 212.

பாண்டியண்ணன் எட்டிப் பார்த்தார். பதினோரு வருடமாகப் பக்கத்து நாற்காலி. ஏப்ரலிலிருந்து சிஸ்டம்ஸ் மேலாளர். "பையச் செய்யி மேரி. அவசரமில்ல."

முடித்தது 60. மகள் அனுவுக்குப் பள்ளிக்கு வெள்ளை சாக்ஸ் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்
மேகம் மட்டும். மழை இல்லை.

என் பெட்டியையும் ஓட்டினேன். பட்டியலில் இல்லாத 41 மெயில் மேலே ஏறின. அழித்தாலும் கோப்பு உடனே போகாது. வாராந்தரத் துப்புரவு ஓடினால்தான் போகும். பிப்ரவரியிலிருந்து அது ஓடவில்லை போல. எல்லாம் பழைய குப்பை. விளம்பரம், மீட்டிங், கேன்டீன் அறிவிப்பு.

நடுவே ஒன்று. மார்ச் மாதத்தது, கோவைத் தலைமை அலுவலகத்திலிருந்து. சிஸ்டம்ஸ் மேலாளர் பதவிக்கு நேர்காணல், என்னை அழைத்து. நான் பார்த்ததே இல்லை.

அனுப்பியவற்றிலும் அழித்த ஒன்று மேலே ஏறியிருந்தது. என் பதில்: "குடும்பச் சூழ்நிலை காரணமாக விருப்பமில்லை. தவறாக எண்ண வேண்டாம்." நான் எழுதவில்லை. ஆனால் என்னைப் போலவே. பெயருக்கு முன் "பணிவுடன்" கூட.

எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து போனதென்று சர்வர் லாக்கில் பார்த்தேன். பாண்டியண்ணன் மேஜைக் கம்ப்யூட்டர். மாலை 4.40. அனு டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம். அவசர மெயில் வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாஸ்வேர்டை நானேதான் கொடுத்தேன்.

அவருக்குப் பதவி வந்தபோது ஆபீஸ் முழுக்க ஜிலேபி கொடுத்ததும் நான்தான்.

ஜூன் 11, புதன்
காலை, சர்வர் அறை. பிரிண்ட் எடுத்த தாளை நீட்டினேன். வெகுநேரம் படித்தார், அந்த இரண்டு வரியை.

"புள்ள அப்படிக் கெடக்கையில உன்ட்ட என்னத்தச் சொல்ல?"

"என் பேர்ல எழுதுனீங்களேண்ணே."

"நீ இருந்தாலும் இதத்தான் எழுதிருப்ப."

"எழுதிருக்கலாம். நான்ல எழுதிருக்கணும்?"

தாளை மடித்து என்னிடமே நீட்டினார். குரலைத் தாழ்த்தி, "எனக்கு அம்பது ஆகப்போகுது மேரி. உனக்கு இன்னும் வயசிருக்கு. அத அழிச்சிரு. சர்வர் கோளாறுல போச்சுன்னு இருந்துட்டுப் போகட்டும்."

அழுகை வரவில்லை. மதியம் எதுவுமே நடக்காததுபோல் பொரியல் இருந்த டிபன் டப்பாவை என் பக்கம் தள்ளினார். "வெஞ்சனம் எடுத்துக்க." எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஜூன் 12, வியாழன்
தூக்கம் சரியில்லை. ஒன்று ஞாபகம் வந்தது, வராமலே இருந்திருக்கலாம். அந்த மெயில் போன நாள் காலையில்தான் பாண்டியண்ணன் அனுவுக்கு ரத்தம் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார். ஆட்டோ ஏற்றிவிட்டது நான். அந்த மனிதரும் இவரும் ஒரே ஆள். எப்படி என்று விளங்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "விட்டுரு மேரி. ரத்தம் குடுத்த மனுசன்."

"அதுக்காக என் பேரையுமா குடுத்துரணும்?"

அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

பாஸ்வேர்ட் மாற்றினேன். இரண்டு மெயிலையும் லாக்கையும் கோவைக்கு அனுப்பிவிட்டேன். 11.20.

ஜூன் 13, வெள்ளி
தூறல். கோவையிலிருந்து போன், மனிதவளப் பிரிவு மேடம். "ஏனுங்க, அந்தப் பதில் நீங்க எழுதலைங்களா?"

"இல்லைங்க."

"எழுத்துல குடுத்துருங்க."

விசாரணை நடக்குமாம். நேர்காணலும் மறுபடி வைப்பார்களாம். தேதி சொல்லவில்லை. போவேன்.

சாக்ஸ் வாங்கியாயிற்று.

ஜூன் 14, சனி
211 முடிந்தது. பாக்கி பாண்டியண்ணன் பெட்டி மட்டும். கோப்புகளைவிடப் பட்டியலில் மூன்று மெயில் குறைந்தது. ஓட்டினேன். ஒத்துப்போயிற்று. எதையும் திறக்கவில்லை.

அவர் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"பாத்தியா?"

"இல்ல."

நம்பவில்லை அவர்.