பக்கத்து இருக்கையும் ஒரு தொப்பியும்

ஆஸ்ட்ரி கண்ணே, சாப்பிட்டபடி படி, அத்தையிடம் ஒரு கதை இருக்கிறது. மீன் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது.

நேற்று நீ கணினியில் மனநல ஆலோசகரிடம், "கன்னத்துல இருக்கிற செவப்பு மச்சத்தாலதான் பஸ்ல என் பக்கத்துல யாருமே உக்கார்றதில்ல" என்று அழுததைக் கதவோரம் நின்று கேட்டுவிட்டேன். என்னைப் பார்த்ததும், "ஒட்டுக் கேட்டீங்களா அத்தை? இனிமே அந்த ஆலோசகர்கிட்ட பேசவே மாட்டேன்!" என்றாய். தப்புதான்.

இன்று காலை நீ போகும் அதே பஸ்ஸில் ஏறினேன். என் பக்கத்திலும் யாரும் உட்காரவில்லை. முன்னால் இருந்த பாதிரியார் பக்கத்திலும் இல்லை. நம் பெர்கன் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் காலி இருக்கைகளைப் பார்த்தபடி நின்றே வந்தார்கள்; தெரியாதவர் பக்கத்தில் உட்காராதது இந்த ஊர் வழக்கம், உன் மச்சத்தால் இல்லை. சரியென்று நானே போய் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னம்மா, உடம்பு சரியில்லையா? இத்தனை சீட்டு காலியா கிடக்கே!" என்றவர், இருக்கையில் வைத்த தொப்பியைக்கூட எடுக்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மழையில் ஓடிவிட்டார். தொப்பிக்குள் அவர் பெயரும் தெருவும் தைக்கப்பட்டிருந்தன. அதைக் கொடுக்கத்தான் கிளம்புகிறேன்.

ரொட்டிக் கடைக்காரி உன்னை முறைப்பது வேறு விஷயம். அது நிஜம், நானே பார்த்தேன். அதை ஆலோசகரிடம் சொல். நான்கு மணிக்கு அவரோடு பேசக் கணினியைத் திற. ஒட்டுக் கேட்க அத்தை வீட்டில் இருக்க மாட்டேன்.

பி.கு. வெளியே போனால் சாவியைப் பூந்தொட்டியில் வை.

இன்னொன்று: நாளை பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்காருவேன், நீயும் இறங்கி ஓடிவிடாதே. நம் வீட்டு நாற்காலி எதுவும் ஒருநாளும் ஆளில்லாமல் இருக்க வேண்டாம். நீயும் உன்னைத் தேடி வருபவர்களும் அவற்றில் நிறைந்திருங்கள்.