தானாகச் சுழன்ற சக்கரம்

நண்பா,

இன்று மகனுடைய புதுக் காரில் அம்பகரத்தூர் போய்விட்டுத் திரும்பினோம். வழியில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுக் காலை மிதியிலிருந்து எடுத்துக்கொண்டான். "இனிமே வேகத்த வண்டியே பாத்துக்கும்ப்பா, நீங்க நிம்மதியா இருங்க" என்றான். வண்டி ஒழுங்காகத்தான் போனது. எனக்குத்தான் நிம்மதி இல்லை. வீடு வரும்வரை அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டு வந்தேன். வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது என்பது பேனாவை எடுத்த பிறகுதான் உறைத்தது.

காரைக்காலில் நீ தலத்தெரு, நான் பூவம். இரண்டு குடும்பத்துக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் ஒன்றாகவே கப்பலேறிப் பிரெஞ்சு நாட்டுக்குப் போய், ஒன்றாகவே விமானம் ஓட்டப் படித்தோம். எண்பதுகளில் நீ கேப்டன், நான் உனக்குத் துணை விமானி. பிறர் முன்னால் உன்னை மரியாதையாகத்தான் அழைப்பேன். விமானி அறைக் கதவைச் சாத்தியதும் நாம் வாடா போடாதான்.

அந்தப் பிற்பகல் இறங்கத் தொடங்கியிருந்தோம். ஆட்டோபைலட் ஓட்டிக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். நம் முழங்கால்களுக்கு நடுவே இருக்கும் ட்ரிம் சக்கரம், அதுதான் விமானத்தின் மூக்கை ஏற்றியிறக்கிச் சமன்படுத்துவது, கடகடவென்று ஓடும் சத்தம் கேட்டது. "இது ஏன்டா தானா ஓடுது?" என்றாய். நான் திரும்புவதற்குள் நீ ஆட்டோபைலட்டைத் துண்டித்தாய், மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. இருவரும் சேர்ந்து கட்டுப்பாட்டுத் தண்டை முழுப் பலத்தோடு முன்னால் தள்ளி மூக்கைக் கீழே இறக்கினோம். பத்திரமாகத்தான் இறங்கினோம். ஆனால் பின்னால் நின்றிருந்த பணிப்பெண் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது.

தரையில் சோதித்தவர்கள் எந்தக் கோளாறும் இல்லை என்றார்கள். அப்படியானால் கோளாறு உன் கையில்தான் என்று ஆயிற்று. விசாரணை முடியும்வரை நீ பறக்க வேண்டாம் என்றார்கள். உன்னைத் தனியே விட மனமில்லாமல் நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு காரைக்காலுக்கு வந்தேன்.

உங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த உன் அப்பா, மீன் முள்ளை எடுத்தபடியே கேட்டார்: "மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதேடா. நீ எதையாச்சும் மாத்தி அமுக்கிட்டியா?"

"சாப்புடுற புள்ளகிட்ட ஏங்க இதெல்லாம்?" என்றார் உன் அம்மா. நீ பதிலே சொல்லாமல் கையைக் கழுவிக்கொண்டாய்.

அன்று மாலை அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் நின்றுகொண்டு என்னைக் கேட்டாய்.

"சக்கரம் ஓடுனத நீ கண்ணால பாத்தியாடா?"

"சத்தம் கேட்டுச்சு. திரும்புறதுக்குள்ள மூக்கு தூக்கிடுச்சு."

"அப்ப நீயும் பாக்கல."

அதற்குப் பிறகு சில நாள் நீ பூவம் பக்கமே வரவில்லை. எனக்குக் கேப்டன் பதவி வரவிருந்த நேரம் அது. அதற்காக மழுப்புகிறேன் என்று நினைக்கிறாயோ என்று எனக்கு உன்மேல் சந்தேகம். நடந்தது உண்மையிலேயே நீ சொன்னபடிதானா என்றும் ஒரு சந்தேகம் உள்ளே ஊர்ந்துகொண்டிருந்தது.

ஒரு காலையில் மொபெட்டில் பூவத்துக்கு வந்து இறங்கினாய். "தரையில சோதிச்சா எப்படித் தெரியும்? மேல போயி எறங்கும்போதுதான வந்துச்சு? மேல கொண்டு போயி எறக்கித்தான் பாக்கணும்" என்றாய். விடுப்பு முடிவதற்கு முன்பே பிரெஞ்சு நாட்டுக்குத் திரும்பினோம்.

நம் விமான நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் வேண்டாவெறுப்பாகத்தான் ஒப்புக்கொண்டார். உன்னைக் கண்காணிக்கத் தானும் வருவேன் என்று நம் பின்னால் வந்து உட்கார்ந்தார். அதே விமானம், பயணிகள் இல்லாமல். உயரத்தில் நெடுநேரம் சுற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, போதுமா என்று கேட்டார். நீ இறங்கத் தொடங்கினாய்.

"கைய மடியில வச்சுக்க. சக்கரத்த விட்டுக் கண்ண எடுக்காத" என்று என்னிடம் தமிழில் சொன்னாய்.

மேகத்துக்குக் கீழே வந்தோம். சக்கரம் ஒருமுறை சிலிர்த்தது. பிறகு, யாரும் தொடாமலேயே, பின்பக்கமாகச் சுழலத் தொடங்கியது.

"பாத்தியா?"

"பாத்தேன்டா, பாத்தேன்!"

பொறியாளரும் பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஓடவிட்டாய். அவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தச் சொல்லிக் கத்தினார். அப்போதுதான் அதன் மின்சாரத்தை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையாலேயே திருப்பி விமானத்தை இறக்கினாய்.

அதற்குப் பிறகுதான் பிரித்துப் பார்த்தார்கள். கம்பிகள் சேரும் ஓர் இணைப்புக்குள் அவ்வப்போது தண்ணீர் கசிந்திருக்கிறது. உயரத்துக் குளிரில் உறைந்து கிடந்து, இறங்கும்போது உருகி, ஒரு கம்பியின் மின்சாரத்தை இன்னொன்றுக்குக் கடத்தியிருக்கிறது. தரையில் சோதிப்பதற்குள் காய்ந்தும் போயிருக்கிறது.

உன் பெயர் மறுபடி பணிப்பட்டியலில் ஏறியது. அவ்வளவுதான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டானுங்களா?" என்று கத்தினேன்.

"அவங்க நம்பாததுல எனக்குக் கோவம் இல்லடா. அப்பா கேட்டப்ப நான் ஏன் பேசாம இருந்தேன்? எனக்கே தெரியலடா. நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேனோன்னு, அந்தச் சக்கரம் சுத்துற வரைக்கும் பயந்துகிட்டேதான் இருந்தேன்."

பின்னே எதற்காக அந்தச் சோதனையைக் கேட்டாய் என்றேன்.

"எதுவா இருந்தாலும் தெரியணும்ல. அடுத்த தடவ பின்னாடி ஆளுங்க உக்காந்திருப்பாங்களே."

குற்றம் உன்மேலேயே முடியலாம் என்று தெரிந்துதான் அதைக் கேட்டிருக்கிறாய். அந்தப் பயத்தை உள்ளே வைத்துக்கொண்டுதான் என் இடப்பக்கத்தில் உட்கார்ந்து அந்த விமானத்தை இறக்கியிருக்கிறாய். அருகிலேயே இருந்தும் அது எனக்குத் தெரியவில்லை. பிற்பாடு நான் கேப்டனாகி எத்தனையோ விமானங்களை இறக்கியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கேப்டனுக்குரிய இடப்பக்க இருக்கையில் உட்காரும்போது, அது உன் இடம் என்ற நினைப்போடுதான் உட்கார்ந்தேன்.