சதுரத்துக்குள் நீட்டிய கை

அண்ணை,

இன்று காலை உங்கள் வீட்டு அக்கா, நீங்கள் போட்ட கறுப்புச் சப்பாத்தைக் கொண்டுவந்து தந்தா. "அவரின்ரை அளவுதானே உங்களுக்கும், போட்டு ஆடுங்கோ" என்றா. அடித்தோல் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. தெருவில் நடந்து தேய்ந்ததல்ல. லண்டன் எட்மண்டன் தேவாலய மண்டபத்து மரத்தரையில் சுழன்று தேய்ந்தது.

அந்த மண்டபத்துக்கு நாம் வந்ததே மனைவிமாரின் ஏற்பாடு. கோயில் நிர்வாகத் தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்ற பிறகு நமக்குள் பேச்சில்லை. தேரன்றுகூட ஆளுக்கொரு பக்கம் வடம் பிடித்தோம். அக்காவும் என் மனைவியும் மட்டும் தங்களுக்குள் கதைப்பதை விடவில்லை. நம் இருவருக்கும் சுகர், உடம்பை அசைக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதைச் சாட்டாக வைத்து, ஸ்குயார் டான்ஸ் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் வருவது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் அப்படித்தான்.

அமெரிக்கக் கிராமத்து ஆட்டம் அது. நான்கு சோடிகள் சதுரமாக நிற்க, மைக்கில் ஒருவர் பாட்டோடு பாட்டாக அடுத்த அசைவைச் சொல்லுவார். ஒருவர் நின்றாலும் சதுரம் குலைந்துவிடும். அன்று நீங்கள் எனக்கு நேரெதிரே, கூரையைப் பார்த்தபடி நின்றீர்கள்.

"ஆண்கள் நாலுபேரும் நட்சத்திரம்!" என்றார் மைக் பிடித்த வெள்ளைக்காரர். நடுவுக்கு வந்து வலக்கைகளைச் சேர்த்துக்கொண்டு சுற்ற வேண்டும். நான் தயங்கினேன். நீங்கள் கையை நீட்டிவிட்டீர்கள். பிடித்தேன். அரைச்சுற்றுப் போனதும், முகத்தைத் திருப்பாமலே கேட்டீர்கள்:

"என்ன ஐசே, கை இப்பிடிக் குளிருது? பஸ்ஸிலயோ வந்தனீங்கள்?"

"ஓம். கார் கராஜிலை."

"போகேக்க ரெண்டுபேரும் எங்களோடை வாங்கோ."

காரில் தேர்தலைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. பிறகொருநாள் நானே அந்தக் கதையை எடுத்தேன். "ஆர் பிழை எண்டு முடிவெடுத்துப்போட்டுக் கை குடுக்க வெளிக்கிட்டா, பாட்டு முடிஞ்சிடும் ஐசே" என்றீர்கள். அதோடு அந்தப் பேச்சு சரி.

மாசியில் நீங்கள் போனீர்கள். நம் சதுரத்து வெள்ளைக்காரர் அத்தனை பேரும் செத்தவீட்டுக்கு வந்து, நம்மவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து, வரிசையில் நின்று பூப் போட்டார்கள்.

கனடாவிலுள்ள என் தம்பியைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் காரியத்தோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. போன ஞாயிறு நானே போன் எடுத்தேன். என்ன சொல்வதென்று ஒன்றும் யோசித்து வைக்கவில்லை.

"ஆர் கதைக்கிறது?" என்றான்.

"அண்ணை" என்றேன்.



"அங்கை இப்ப என்ன நேரம், அண்ணை?" என்று கேட்டான்.