ட்ரக் ஓடுறவன் என்று சொன்னேன்

6 பெப்ரவரி 2025, வியாழன்

குப்பை எடுக்கிற நாள். காலமை ஏழரைக்கு லொறி வந்து தொட்டியைத் தூக்கித் தொப்பென்று போட்டது. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த என்ர தம்பி கிளிபோட் குசினி மேசைக்குக் கீழே. என்னையும் கையில் பிடித்து இழுத்து விழுத்திவிட்டான். நாற்பத்து நாலு வயது, ஆறடி. எப்பிடித்தான் அதுக்குள்ளே மடங்கினானோ!

"டேய், குப்பை லொறியடா. உன்னைக் கொண்டுபோக வரேல்லை. அவங்கள் உவ்வளவு பாரம் தூக்கமாட்டாங்கள்" என்றேன்.

சிரிக்கவில்லை. நான் நக்கலடித்து இவன் சிரிக்காமல் விட்டது எனக்குத் தெரிய இதுதான் முதல். சிந்தினதைத் துடைத்துவிட்டு, தான் இருக்கிற பேஸ்மென்ருக்கு இறங்கிப் போனான்.

முழங்கால் நோகுது. அது போகட்டும்.

9 பெப்ரவரி, ஞாயிறு

பூசைக்குப் போகும்போது லோறன்ஸ் ரோட்டில் நடுக்கோட்டுக்கு மேலாலேயே கார் ஓடுகிறான். "ரோட்டை வாங்கிப்போட்டியோடா? சொல்லியிருந்தால் பாதியை வாடகைக்கு விட்டிருப்பனே." பாலத்துக்குக் கீழால் போகும்போது மூச்சைப் பிடிக்கிறான். பின் சீற்றில் என்ர மனிசன் லெஸ்லி செபமாலை சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஆப்கானிஸ்தானில், இவன் இருந்த கந்தகாரில் ரோட்டோரத்தில்தான் குண்டு தாட்டு வைப்பாங்களாம். அதனால் நடுவால்தான் ஓடுறதாம். இதை என்ர மகள் மெலனிதான் சொன்னாள். அவளுக்குச் சொல்லியிருக்கிறான், எனக்குச் சொல்லவில்லை. ஏன்?

ஏன் என்று எனக்குத் தெரியும். எழுத விருப்பமில்லை.

12 பெப்ரவரி, புதன்

மெலனி கொம்பியூட்டரில் தேடினாள். "அம்மா, ஆமியில சண்டைக்குப் போன ஆக்களுக்கெண்டு தெரபிஸ்ற் தனிய இருக்கினம்" என்றாள். நான் கேட்டால்தானே. தமிழ் கதைக்கிற ஒரு ஆள் போதும், மனசைத் திறப்பான் என்று நினைத்தேன். ஸ்காபரோவில் கமலாம்பிகை என்று ஒரு தெரபிஸ்ற் பிள்ளை. நானே போன் பண்ணி நாளும் எடுத்தேன்.

"அவருக்கு என்ன வேலை அன்ரி?"

"ட்ரக் ஓடுறவர். ரோட்டில பயந்துபோனார்."

வாயில் தானாக வந்துவிட்டது. இருபது வருசப் பழக்கம்.

20 பெப்ரவரி, வியாழன்

கமலாம்பிகையிட்டை உள்ளே போனவன் பதினைந்து நிமிசத்தில் திரும்பி வந்தான். கார்க் கதவை அடித்த அடியில் என்ர பல்லுக் கிடுகிடுத்தது.

"அக்கா, அவ என்னட்டை ஹைவே அக்சிடன்ரைப் பற்றிக் கேக்கிறா."

நான் சீற் பெல்ற்றை இழுத்துப் போட்டேன்.

"இன்னும் ட்ரக் எண்டுதான் சொல்லுறாய், என்ன? அம்மா செத்து ஆறு வருசம். இப்ப ஆருக்கு ஒளிக்கிறாய்?"

23 பெப்ரவரி, ஞாயிறு

மூன்று நாளாக மேலே வரவில்லை. படியில் வைத்த சாப்பாடு பாதி அப்படியே கிடக்கு.

எழுதத்தான் வேணும். தொண்ணூறில எங்களைப் பெத்த ஐயாவைக் கூட்டிக்கொண்டு போனது அங்க, இலங்கை ஆமி. திரும்பி வரேல்லை. அதோட அம்மாவுக்கு முன்னால அந்தச் சொல்லை ஆரும் எடுக்கிறேல்லை. இவன் கனடா ஆமியில சேந்தாப்பிறகு, தூரப் பயணம் ட்ரக் ஓடுறான் எண்டு நான்தான் கட்டிவிட்டன். மாசக்கணக்கில வீட்ட வராததுக்கும் அது பொருந்திச்சு. கந்தகாரிலயும் ட்ரக்தானே ஓடினவன், பெரிய பொய்யில்லை எண்டு எனக்கே சொல்லிக்கொண்டன். அம்மாவுக்காகத் தொடங்கினது - பிறகு கோயில் சனம், பிறகு எல்லாரும். யூனிபோமோட நிண்ட படத்தை என்ர கலியாணப் படத்துக்குப் பின்னால, அதே பிரேமுக்குள்ள செருகினன். அவன் உயிரோட திரும்பி வந்தண்டைக்குக்கூட வெளியில எடுக்கேல்லை.

நானெல்லாம் ஒரு அக்காவோ?

25 பெப்ரவரி, செவ்வாய்

கமலாம்பிகைக்குப் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். வெளியாள் ஒரு தமிழருக்கு இதைச் சொன்னது வாழ்நாளில் முதல் தரம். அந்தப் பிள்ளை ஏசவில்லை. "ஆமி ஆக்களோட வேலை செய்து பழகினவையிட்டைப் போனால்தான் அன்ரி சரி" என்று ஒரு நம்பர் தந்தது. "ஆனா அவர்தான் எடுக்கவேணும். நீங்கள் எடுத்துக் குடுக்கேலாது."

அங்கேதான் மாட்டினேன். நம்பரைக் கடதாசியில் எழுதி அவன்ர கதவுக்குக் கீழால் தள்ளினேன். வந்த வழியாலேயே வெளியே வந்தது.

1 மார்ச், சனி

இம்முறை செபக்கூட்டம் எங்கள் வீட்டில். காலமை பிரேமைக் கழற்றி, அவன்ர படத்தை முன்னுக்கு வைத்து ஹோலில் மாட்டினேன்.

"அப்ப நான்?" என்றார் லெஸ்லி.

"முப்பது வருசம் தொங்கினது காணும். இறங்குங்கோ."

செபம் முடிய எங்கட ஊர் அன்ரனெற் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனா. அவவின் தமையனையும் எங்கட ஐயாவோட ஒரே நாளில்தான் ஆமி கொண்டுபோனது.

"உது ஆர், மக்டலீன்? ஆமிக்காரனோ?"

பேஸ்மென்ற் கதவு பாதி திறந்திருந்தது, அதனால் சத்தமாகவே சொன்னேன்: "என்ர தம்பி. கனடா ஆமியில இருந்தவன். ட்ரக் கொம்பனி எண்டு நான் சொன்னது பொய். இப்ப அவனுக்குச் சுகமில்லை."

பன்னிரண்டு பேர். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்ரனெற் அக்கா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றா.

"சாப்பிட்டவனோ அவன்?"

தட்டில் இரண்டு ரோல்ஸ் வைத்துக்கொண்டு, கைபிடியைப் பிடித்துப் பிடித்து அவவே படியால் இறங்கிப் போனா.

2 மார்ச், ஞாயிறு

கிளிபோட் மேலே வந்தான். "அந்த நம்பர் எங்க?" அவ்வளவுதான்.

17 ஏப்ரல், பெரிய வியாழன்

ஆறு கிழமை காத்திருந்து இன்றைக்கு ஆமி ஆக்களின் தெரபிஸ்றிட்டை முதல் நாள். ஒரு மணித்தியாலம் முழுக்க உள்ளே இருந்தான். நான் காருக்குள்ளே தேத்தண்ணிப் போத்தலோடு.

15 மே, வியாழன்

குப்பை லொறி வந்தது. திடுக்கிட்டான்தான். மேசைக்குக் கீழே போகவில்லை, என்ர கையை இறுக்கிப் பிடித்தான். மோதிரம் விரலில் பதிந்துபோச்சு.

பின்னேரம் தெரபிஸ்ற். தாடிக்கார மனிசன், அவரும் முந்தி ஆமியாம். வெளியே வரும்போது இவனுக்குக் கண் சிவந்திருந்தது.

"என்னடா கதைச்சனீங்கள்?"

"முக்கால் மணித்தியாலம் உன்னைப் பற்றித்தான். அடுத்தமுறை உன்னையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

"எனக்கென்ன விசரோ, பைத்தியமோ?"

"அதைத்தான் அவரும் ஒருக்காப் பாக்கோணுமாம்."

சிரித்தான். வயிறு குலுங்க. எனக்குத்தான் கண்ணீர் வந்தது, மருந்துக் குளிசை போட மறந்ததால் என்று சொன்னேன்.

திரும்பி வரும்போது நடுக்கோட்டை விட்டு வலப்பக்க ஓரத்தால், ஆறுதலாக, அவசரமில்லாமல் கார் ஓடினான். பாலத்துக்குக் கீழாலும் அப்படியே. என்ர வாயில் ஒரு நக்கல் வந்தது. விழுங்கிக்கொண்டேன். கண்பட்டிடும்.