ஊர் எரியும் இடத்தில் நிறுத்தினேன்

1937 ஜனவரி 19

இன்றைக்கும் மழை. இவர் விடியவே வயல் வட்டைக்குப் போய்விட்டார். வேளாண்மை கதிர் தள்ளுகிற நேரம், பன்றி விடாதாம். அறுவடை வரைக்கும் வயல் வாடியிலேதான் படுக்கையாம். வீட்டில் நானும் ஏடும்.

இந்த ஏட்டைப் பற்றி எழுதியே ஆக வேண்டும், ஒரு கிழமையாக என் உயிரை வாங்குகிறது. வைகாசிச் சடங்கில் கோயிலில் அம்மன் கதை ஏடு படிப்பது இவருடைய குடிக்கு உரியது. தாய்மாமன் படித்தார், மாமனுக்குப் பிறகு மருமகன் இவர். ஓலையின் ஓரமெல்லாம் பூச்சி அரித்துவிட்டது. “நீ மிஷன் பள்ளிக்கூடத்தில படிச்சவள், எழுத்தும் வடிவு. ஒரு கொப்பியில எழுதித் தா” என்றார். தொடுவதற்கு முன் தலைமுழுக வேண்டும். வாய்விட்டு வாசிக்கக் கூடாது; வைகாசியில் கோயில் கதவு திறந்த பிறகுதான் அதற்கு நேரம். சரி என்றேன். இந்த மழையில் நாள்தோறும் முழுகித் தடிமன் பிடித்ததுதான் மிச்சம்.

ஜனவரி 23

சிறு வயதிலிருந்து வருஷா வருஷம் இதைக் கேட்டிருக்கிறேன். கேட்டேன் என்று சொல்லலாமா? உடுக்கையும் பறையும் குரவையும் சேர்ந்த இரைச்சலில் கை கூப்பிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். சொல் ஒன்றும் காதில் ஏறியதில்லை.

இன்று எழுதிக்கொண்டு போகும்போது ஓரிடத்தில் பேனா நின்றுவிட்டது. வழக்குக் கேட்கப் போகிற வழியில் அம்மன் காலில் முள் ஏறுகிறது. மரத்தடியில் குந்தியிருந்து முள்ளை எடுக்கிறாள். எடுத்துவிட்டு அழுகிறாள். புருஷனை அநியாயமாக வெட்டிப்போட்டார்கள் என்று கேட்டபோது அழாதவள், முள்ளுக்கு அழுகிறாள்! இதை எழுதினவன் எவனோ, ஒரு பெண்ணைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறான்.

அம்மாளே, நீ தெய்வம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்று பக்கத்து வீட்டுக்காரி மாதிரி இருந்தாய். இப்படி எழுதுவது பாவமா?

ஜனவரி 26

வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சின்னத்தங்கத்திடம் முள் குத்தின கதையைச் சொல்லிவிட்டேன். பாய்க்குப் பன் கிழித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். “எங்கட அம்மனுக்கோ? இது ஏட்டில இரிக்கோ? இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாதேகா!”

அவளுடைய மகள் நேசம். ஆறு வயது, முன்பல் விழுந்த வாய். “மறுகா?” என்றாள். பிறகு என்ன நடந்தது என்று சொல்லாமல் என்னை வீட்டுக்குள் போக விடமாட்டாளாம்.

நாளையிலிருந்து பின்னேரங்களில் இன்னும் சிலபேர் பாய் பின்ன இங்கே வருகிறார்கள். “நீ வாசி, நாங்க பின்னுறம்” என்கிறாள் சின்னத்தங்கம். வாய்விட்டு வாசிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கொப்பியைத்தானே வாசிக்கப்போகிறேன், ஏட்டையா வாசிக்கிறேன்? — நல்ல நியாயம், இரத்தினம்மா!

ஜனவரி 29

விறாந்தை நிறையப் பெண்கள். பன் வாசம். இரண்டு பேர் சண்டை பிடித்துக்கொண்டு வந்தவர்கள், கதை தொடங்கியதும் சண்டையை மறந்துவிட்டார்கள்.

நேசத்துக்குப் பிடித்தது அம்மன் சின்னப்பிள்ளையாக இருக்கிற இடம். ஆற்றங்கரையில் சிரட்டையில் மணற்சோறு ஆக்கி, தும்பிக்கு ஒரு பங்கு, நண்டுக்கு ஒரு பங்கு வைக்கிறாள். திரும்பத் திரும்ப அதையே கேட்கிறாள் பிள்ளை. “நண்டு திண்டுதா? மறுகா?” சின்னத்தங்கம் அவள் தலையில் குட்டினாள். “நீ இவ்விடத்தையே சுத்திக்கொண்டிருந்தா அம்மன் எப்பகா கலியாணம் முடிக்கிற?” எல்லோரும் சிரித்தோம். அம்மன் கதை கேட்டு இவர்கள் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

பெப்ரவரி 1

இன்று நான் ராணி!

வழக்கு முடிந்தது. அம்மன் தெருவில் இறங்கிவிட்டாள். கூரையில் முதல் நெருப்பு ஏறுகிறது. ஒருத்தியின் கையும் அசையவில்லை, பின்னல் மடியில் கிடக்கிறது. அந்த இடத்தில் கொப்பியை மூடினேன். “மிச்சம் நாளைக்கு.”

ஐயோ, அவர்கள் போட்ட சத்தம்! நேசம் என் சீலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “மறுகா? மறுகா?” “நாளைக்கு வாடி” என்று கன்னத்தைக் கிள்ளி அனுப்பினேன்.

நாளைக்கு ஒருத்தி வராமல் இருக்கட்டும் பார்ப்போம்.

பெப்ரவரி 2

ஒருத்தியும் வரவில்லை. நேசத்துக்குக் காய்ச்சலாம்.

பெப்ரவரி 4

சின்னத்தங்கத்தின் வீட்டு வேலிக் கடப்பில் வேப்பிலை கட்டியிருக்கிறது. அம்மாள் வருத்தம், அம்மை. முகம், நெஞ்சு எல்லாம் போட்டிருக்கிறதாம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் எழுவான்கரையில் போன மாதமே இந்த வருத்தம் இருந்தது. தோணியில் நாள்தோறும் ஆட்கள் போய் வருகிறார்கள். நான் படித்தவள், எனக்கு இது தெரியும். ஆனால் கிணற்றடியில் பேச்சு வேறு. “ஊருக்கு நெருப்பு வச்சிட்டு, குளிரப் பண்ணாம கொப்பிய மூடிட்டா.”

கோயிலில் ஊர் எரிகிற பாட்டைப் படித்தால், அம்மனைக் குளிரப் பண்ணுகிற குளிர்த்திப் பாட்டையும் படித்து முடிக்கும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது. எழும்பினால் சூடு ஊரிலே நின்றுவிடும். இது எனக்குத் தெரியாதா? பால்குடி காலத்திலிருந்தே தெரியும். கதை ருசியில் நினைக்கவேயில்லை. நினைத்திருந்தாலும் அங்கேதான் நிறுத்தியிருப்பேனோ? கதை அங்கேதானே நிறுத்தச் சொல்கிறது!

இதை எழுதுவதற்குள் இரண்டு தரம் எழும்பி வேலியால் எட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்றுமில்லையென்றால் ஏன் பார்க்க வேண்டும்?

பெப்ரவரி 5

இவர் வந்துவிட்டார். கோயில் பொறுப்பெல்லாம் பார்க்கிற வண்ணக்கர் வினாயகமூர்த்தி வட்டைக்கே ஆள் அனுப்பியிருக்கிறார். இவர் சத்தம் போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, “கதையெண்டு நினைச்சிட்டியா?” என்றார்.

“கதைதானே! நல்ல கதை. இவ்வளவு காலம் படிச்சும் உங்களுக்கு அது விளங்கல்ல” என்றேன். என் வாய்!

“எனக்கு விளங்கல்லையோ?” என்றார். சோற்றுக் கோப்பையை எடுத்து மூடி வைத்தார். பிறகு சொன்னார்: “அந்த முள்ளுக் குத்துற இடம் வந்தா எனக்குத் தொண்டை அடைக்கும். ஒவ்வொரு வருஷமும். அதை அடக்கிட்டுத்தான் படிக்கிற. நான் அழுதா சடங்கு குழம்பிப் போகும்.”

கலியாணம் முடித்து இத்தனை வருஷத்தில் இதை அவர் சொன்னதேயில்லை. நானும் கேட்டதில்லை.

பெப்ரவரி 7

ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வந்து பார்த்துவிட்டுப் போனார். பக்கத்து ஊரிலும் இரண்டு வீட்டில் இருக்கிறதாம். அதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

காத்தான்குடியிலிருந்து பாய் வாங்க வரும் அசனார் நானாவும் வந்தார். பாய் ஏது? யாரும் பின்னவில்லை. போன கிழமை வந்தபோது வேலியோரம் நின்று கொஞ்சம் கதை கேட்டுவிட்டுப் போனவர். “அந்தப் பொம்புள ஊரை எரிச்சாவா தங்கச்சி, இல்லாட்டி மன்னிச்சாவா? வழியெல்லாம் எனக்கு அதான் யோசன” என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இந்த ஊரில் இன்று என் முகம் பார்த்துப் பேசின ஒரே வெளியாள். “எரிச்சா” என்றேன். “எரிக்கத்தான் வேணும்” என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பெப்ரவரி 8

சின்னத்தங்கம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாள். தலை விரிந்து கிடந்தது. “இரத்தினம்! நீதானே கொளுத்தின? நீயே வந்து நூத்திட்டுப் போ!”

அம்மனுக்குப் பூசை செய்கிற கட்டாடியாரிடம் போய் அழுதிருக்கிறாள். வைகாசிக்கு முன் குளிர்த்தி படிக்க ஏலாது என்று சொல்லிவிட்டாராம். இரத்தினம்மாவையாவது படிக்க விடுங்கள் என்று கேட்டாளாம். பெண் படிக்கிறதோ, அம்மன் பொறுக்கமாட்டா என்றாராம்.

பொறுக்கமாட்டாளா? அவரிடமே கேட்கிறேன், ஊரை எரித்துவிட்டு வருகிறவளைக் குளிரப் பண்ணினது ஆர்? மோர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற இடைச்சியர். அந்த இடத்தில் ஒரு கட்டாடியார் இல்லை, ஒரு வண்ணக்கர் இல்லை, பேருக்குக்கூட ஓர் ஆம்பிளை இல்லை. நான் எழுத்து எழுத்தாக எழுதியிருக்கிறேன்.

இவரிடம் இதைச் சொன்னேன். அவர் வந்த அன்றே ஒளித்து வைத்த கொப்பியை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போனார்.

வாசித்த பிறகும் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால்? அதற்கும் நான்தான். போகாவிட்டால்? அதற்கும் நான்தான். இது வெறும் கதையென்றால் வருத்தத்தை மாற்றாது. மாற்றுமென்றால், கொண்டுவந்ததும் நான்தான். பெரிய படிப்புப் படித்தவளே, இப்போது பதில் சொல்!

காலையில் முழுகிவிட்டுப் போகப்போகிறேன். எனக்கு இந்த வருத்தம் சின்ன வயதிலேயே வந்து போனது. அந்தப் பயம் இல்லை.

பெப்ரவரி 9

வாசித்தேன்.

நேசம் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள். முகத்தில் முகம் இல்லை. பாட்டாகப் படிக்கவில்லை, எனக்கு ராகம் போட்டுப் படிக்கவும் தெரியாது. விறாந்தையில் வாசித்த மாதிரியே மெதுவாக வாசித்தேன். இடைச்சியர் வருகிறார்கள், மோர் ஊற்றுகிறார்கள், விசிறுகிறார்கள், அம்மன் கண்ணை மூடுகிறாள். சின்னத்தங்கம் சுவரோடு சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என்னை ஒரு தரமும் பார்க்கவில்லை.

முடிந்ததும் நேசத்தின் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். “மறுகா?”

கதை அதோடு முடிகிறது. ஏட்டில் அதற்கு அங்கால் ஓலை இல்லை. “அவ்வளவுதான் மகள்” என்றேன்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். நானாகக் கட்டியாவது சொல்லியிருக்கலாமே, சண்டாளி!

பெப்ரவரி 11

நேசம் போய்விட்டாள்.

பெப்ரவரி 24

கோயிலில் கூடிப் பேசினார்கள். இந்த வருஷம் நான் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. கொப்பியை ஆற்றில் விட வேண்டும். ஏடு படிக்கிற உரிமையை இவரிடமிருந்து எடுக்கவில்லை. அதற்காக நானும் வாய் திறக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

இவர்தான் தோணியில் கொண்டுபோனார். திரும்பி வந்து காலைக் கழுவும்போது கேட்டேன்: “தண்ணியில தாண்டு போச்சா?”

“இல்ல. கொஞ்ச நேரம் மிதந்துது. நானும் பாத்துக்கொண்டு நிண்டன்.”

அவர் குரல் சரியில்லை.

ஏப்ரல் 3

சின்னத்தங்கம் கிணற்றடியில் என்னைக் கண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறாள். திட்டினாலாவது பரவாயில்லை. இவ்வளவு காலத்தில் நாங்கள் பேசாமல் இருந்ததில்லை. மற்றவர்கள் இப்போது பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள்கூட. அவர்கள் சிரிப்பு எனக்கு எதற்கு? எனக்கு அவள் பேச வேண்டும்.

மே 24

இன்று குளிர்த்தி. இவர் முழுகி, திருநீறு பூசி, ஏட்டைப் பட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். கடப்பில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஊரே கோயிலில். உடுக்கைச் சத்தம் காற்றோடு வருவதும் போவதுமாக இருந்தது. இப்போது முள் குத்துகிற இடத்துக்கு வந்திருப்பாரோ என்று நினைத்துக்கொண்டு விறாந்தையில் குந்தியிருந்தேன்.

கடப்பு திறந்தது. சின்னத்தங்கம்.

கோயிலுக்குப் போகவில்லை அவள். பாதி பின்னின பாய் ஒன்று கையில். அன்றைக்கு அவள் மடியில் கிடந்ததுதான். விரித்து, குந்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கினாள். பன் காய்ந்து முறிந்தது. தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். தெளித்துக்கொண்டாள்.

“சொல்லு” என்றாள்.

“கொப்பி இல்லையேகா.”

“வாய் இரிக்குதானே உனக்கு. அதையும் ஆத்தில விட்டாச்சோ?”

“எவ்விடத்திலயிருந்து?”

“மணல்சோறு ஆக்குற இடம்.” பின்னுகிற கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அதோட நிப்பாட்டு. அங்கால உள்ளது எனக்கு வேணாம்.”

சொன்னேன். ஆற்றங்கரை, சிரட்டை, மணல். தும்பிக்கு ஒரு பங்கு, நண்டுக்கு ஒரு பங்கு. நண்டு வளைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது. அம்மன் எழும்பிக் கையைத் தட்டிக்கொள்கிறாள்.

அந்த இடத்தில் நிறுத்தினேன். “மறுகா?” என்று கேட்க ஆளில்லை.