சங்கிலி தேவையில்லாத இடத்தில்

சேர்ந்து வாழ்ந்த பதினொரு வருடமும் 'இஞ்சருங்கோ' என்று மட்டுமே நான் கூப்பிட்ட என்னவருக்கு,

உங்கள் பெயரை மேலே எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. உயிரோடு இருந்தபோது சொல்லாத பெயரை இப்போது எப்படிச் சொல்வது? நம்முடைய தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். உங்களைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் வாசித்துவிட்டுப் போகட்டும்.

எழுபத்தொன்பதும் பாதி போய்விட்டது. அவுஸ்திரேலியாவில் இது குளிர்காலம்; டண்டினொங்கில் இன்று காலையில் காரின் கண்ணாடியெல்லாம் வெள்ளையாக உறைபனிப் படலம். வெந்நீர் ஊற்றப் போன பக்கத்து வீட்டுக்காரியைத் தடுத்து, "கண்ணாடி வெடிச்சிடும்" என்று சொன்னேன். உங்கள் குரலில்தான் சொன்னேன்.

உங்களைத் தெரியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லவேண்டும். பனிச்சறுக்கு விளையாடுகிறவர்களை மலை உச்சிக்கு ஏற்றும் லிஃப்டுகளின் மோட்டர்களைப் பழுது பார்ப்பது உங்கள் வேலை. குளிர்காலம் முழுக்கக் கிழமைக்கு ஒரு தடவை, நாலு மணித்தியாலம் கார் ஓட்டி அந்த மலைக்குப் போவீர்கள். பயப்படுகிற ஆள் இல்லை நீங்கள். ஆனால் றோட்டை மதிக்கிற ஆள். பனியில் பிரேக்கைச் சட்டென்று மிதிக்கக்கூடாது, ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பக்கூடாது, இரண்டாம் கியரில் பொறுமையாக ஏறவேண்டும் என்று சாப்பாட்டு மேசையிலும் சொல்வீர்கள்.

பனியில் வழுக்காமலிருக்க டயரைச் சுற்றிச் சங்கிலி போடவும் எனக்குப் பழக்கினீர்கள். வீட்டு வாசலில், நல்ல வெயிலில், சாக்கை விரித்து அதில் முழங்காலிட வைத்தீர்கள்.

"கண்ணை மூடிக்கொண்டு போடும். கை விறைச்சால் கண் உதவாது. உள்கொக்கியை முதல் கொளுவும், பிறகு வெளிக்கொக்கி. வாகனம் வாற பக்கத்துச் சில்லுக்கு முதல் பூட்டி முடிக்க வேணும்."

"வெறும் தாரிலை போட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"போடவே கூடாது. சங்கிலியும் அறும், டயரும் நாசம்."

அப்படிச் சொன்ன நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள்?

எழுபத்தைந்து யூலையில், ஒரு பகல் பொழுதில், மரம் ஏற்றுகிற லொறிக்காரர் ஒருவர் உங்களைக் கண்டார். வலது பின்சில்லில் சங்கிலி பூட்டியிருந்தது. இடது சில்லுக்கு முன்னால் முழங்காலிட்டபடி, மற்றச் சங்கிலியைக் கையில் பிடித்தபடி, தலையைச் சில்லில் சாய்த்திருந்தீர்களாம். மாரடைப்பு என்றார் டொக்டர். லொறிக்காரர் செத்த வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "மிஸிஸ், அங்கே ஏன் சங்கிலி போட்டார்? பனி தொடங்க இன்னும் இரண்டு மைல் இருக்கு. நான் மேலேயிருந்துதான் இறங்கி வந்தேன். றோட்டு முழுக்கக் காய்ந்து கிடந்தது. ஈரம்கூட இல்லை." இடத்துக்கு அடையாளமாக, கருகிப்போன பெரிய மரத்தண்டு ஒன்று ஓரத்தில் நிற்கும் என்றார்.

அந்தக் கேள்வியோடுதான் ஒரு வருடம் படுத்து எழும்பினேன்.

அடுத்த குளிர்காலத்தில் உங்கள் தம்பி மோகன் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். அண்ணன் விழுந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்றார். உங்கள் பழைய ஸ்டேஷன் வாகனிலேயே போனோம். நான்தான் ஓட்டினேன். மலையடியில் நல்ல வெயில். ஏற ஏற மரங்கள் நெருங்கி, வெளிச்சம் சாம்பல் நிறமாகியது. பறவைச் சத்தமும் நின்றுவிட்டது. றோட்டு மட்டும் கறுப்பாக, காய்ந்துபோய்க் கிடந்தது.

அப்போது சத்தம் கேட்டது. இரும்புச் சங்கிலியைத் தாரில் கொட்டி, ஒருவர் நிதானமாகச் சிக்கெடுக்கிற சத்தம். டிக்கிக்குள் நம்முடைய சங்கிலி குலுங்குகிறது என்று நினைத்தேன். காரை மெதுவாக்கினேன். சத்தம் மாறவில்லை. அது வெளியிலிருந்து, முன்னாலிருந்து வந்தது. காரை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். சத்தமும் நின்றது. தலையைத் திருப்பினால் பக்கத்தில் அந்தக் கருகிய மரத்தண்டு.

"என்னண்ணி, ஏன் நிப்பாட்டினீங்கள்?" மோகனுக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

"சங்கிலி போடப் போறன்."

"இஞ்சையோ? பனியெண்டு ஒரு பொட்டும் இல்லையே!"

"நீர் உள்ளுக்கை இரும்."

ஏன் போடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சாக்கை விரித்து வலது பின்சில்லுக்கு முன்னால் முழங்காலிட்டேன். நீல நிறக் கார் ஒன்று எங்களைக் கடந்து போனது. அதற்குள் இருந்த இளம் தம்பதியர் வெறும் தாரில் சங்கிலி பூட்டுகிற சேலைக்காரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்கள். விரல்கள் மரத்துப் போயின. கண்ணை மூடிக்கொண்டு கொக்கியைக் கொளுவினேன்.

இரண்டாவது சங்கிலியை எடுக்க டிக்கியைத் திறந்தேன். சங்கிலிப் பை வெறுமையாக இருந்தது.

இடது பக்கம் போனேன். சில்லில் சங்கிலி பூட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாக, ஒழுங்காக இருந்தது. ஓரத்துப் புல் முழுக்க வெள்ளையாக உறைபனி. சில்லுக்கு நேரே மட்டும் இரண்டு குழிகள், யாரோ முழங்காலிட்டு எழும்பியதுபோல். அங்கே வந்த கால்தடமும் இல்லை, போன கால்தடமும் இல்லை.

நான் கத்தவில்லை. ஏன் கத்தவில்லை என்று நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். காருக்குள் ஏறி, "மோகன், நீர் இறங்கினனீரோ?" என்று கேட்டேன்.

"இல்லையே. நீங்கள் இப்பத்தானே இந்தப் பக்கம் நிண்டு போட்டனீங்கள்? கண்ணாடிக்குள்ளாலை உங்கடை கோட் தெரிஞ்சுது."

என் கோட் பின்சீட்டில் மடித்தபடி கிடந்தது.

நான் இரண்டாம் கியரில் காரை எடுத்தேன். சங்கிலி தாரில் கடகடவென்று அடித்தது. முதல் வளைவைத் திரும்பியதும் றோட்டு ஒரு பள்ளத்துக்கு இறங்குகிறது. வெயில் படாத இடம். மலைப் பாறையிலிருந்து கசிந்த தண்ணீர் றோட்டுக்குக் குறுக்கே கண்ணாடிபோல் உறைந்திருந்தது. தாரின் கறுப்பே அதற்குள்ளால் தெரிந்ததால், பார்க்கிறவருக்கு வெறும் றோட்டாகத்தான் தோன்றும். முன்சில்லுகள் வழுக்கின. நான் பிரேக்கைத் தொடவில்லை. பின்சில்லுகள் ஐஸைக் கடித்தன. கார் ஊர்ந்து, நின்றது.

நீலக் கார் எங்களுக்கு முன்னால் கிடந்தது. றோட்டைத் தாண்டி, சரிவின் விளிம்பில், ஒரு மெலிந்த மரத்தில் சாய்ந்தபடி. முன்சில்லு ஒன்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அந்தப் பெண் அசையாமல் எங்களையே பார்த்தாள்.

சாக்கை ஐஸில் விரித்தேன். மோகன் அதில் படுத்து, பின்கதவைத் திறந்து, முதலில் அவளையும் பிறகு அவனையும் இழுத்தெடுத்தார். நான் மோகனின் கால்களைப் பிடித்திருந்தேன். எல்லோரும் பாறைப் பக்கம் வந்து நின்ற பிறகுதான் மரம் முறிந்தது. கார் கீழே போய்ச் சேர்ந்த சத்தம் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டாள்: "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பின்சீட்டில் கிடந்த என் கோட்டை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டேன். சங்கிலி இல்லாமல் அவர்களுக்குப் பின்னால் நான் வந்திருந்தால், வழுக்கிப் போய் அவர்களுடைய காரில்தான் இடித்திருப்பேன். நாலு பேரும் போயிருப்போம்.

இரண்டு சில்லுக்கும் நானே சங்கிலி போட்டதாகப் பொலிஸுக்குச் சொன்னேன். மோகனுக்கும் அப்படியே சொன்னேன். உண்மையை இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் போன நாளில் அந்தப் பள்ளத்தில் ஐஸ் இருக்கவில்லை. லொறிக்காரர் அந்த வழியால்தான் இறங்கி வந்தார். அப்படியென்றால் அன்றைக்கு யாருக்காக அந்த வெறும் தாரில் முழங்காலிட்டீர்கள்? ஒரு வருடம் கழித்து வரப்போகிற என் காரின் சத்தம் உங்களுக்கு அப்போதே கேட்டதா?

நீங்கள் போன பிறகு நான் துணிந்து செய்த ஒரு காரியத்தையும் சொல்கிறேன். அந்தப் பள்ளத்தைப் பற்றி றோட்டுகளைப் பராமரிக்கிற அரசாங்கக் கந்தோருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். மூன்றாவது கடிதத்தை நானே கொண்டுபோய், மேசைக்காரர் வாசித்து முடிக்கும்வரை கதிரையில் அசையாமல் இருந்தேன். போன மாதம் மோகன் நண்பர்களோடு அந்த வழியால் போய் வந்தார். வளைவுக்கு முன்னால் மஞ்சள் பலகை நட்டிருக்கிறார்களாம், ஐஸ் இருக்கும் என்று எழுதி. பாறைத் தண்ணீர் கீழே போக ஒரு குழாயும் பதித்திருக்கிறார்களாம். கருகிய மரத்தண்டுக்குப் பக்கத்தில் காரை நிறுத்திக் காது கொடுத்தீரோ என்று மோகனிடம் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

இஞ்சருங்கோ, இனி அந்த றோட்டை அந்தப் பலகை பார்த்துக்கொள்ளும். என்னை நான் பார்த்துக்கொள்வேன். நேரத்துக்குச் சாப்பிடுவேன், அவசரப்பட்டுக் கார் ஓட்டமாட்டேன், அந்த மலைக்கு இனி வரவும் மாட்டேன். இது சத்தியம். அந்தக் குளிரில் இன்னும் முழங்காலில் இருக்கவேண்டாம். எழும்பிப் போங்கோ.

இப்படிக்கு,
உங்களுடைய வீட்டுக்காரி