வெந்நீர்த் தொட்டிக்குப் போகும் மின்கம்பியை எங்கள் இடுகாட்டில் புதைத்தது குறித்து

அனுப்புநர்:
வே. அம்சவல்லி,
க/பெ வேடியப்பன்,
புளியங்கொல்லை, காவலூர் அஞ்சல்,
வட ஆற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
வேலூர்.

பொருள்: இடுகாட்டு மின்கம்பியை அகற்றவும், என் தம்பி தங்கவேல் மீதான பொய்ப் புகாரிலிருந்து அவனைக் காக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊருக்கு மேலே சென்னை முதலாளி ஒருவர் கட்டிய மலை விடுதி இருக்கிறது. அங்கே புல்வெளியில் வெந்நீர்த் தொட்டி ஒன்று. மின்சாரத்தில் நீர் சுடுகிறது, நுரை கிளம்புகிறது, அதில் ஊறிக் கிடக்கக் காரில் ஆள் வருகிறது. எங்கள் ஊரில் இன்னும் சிம்னி விளக்குதான். வயிறெரிந்து இம்மனுவை எழுதவில்லை. எரிகிறது என்பதும் உண்மை.

2. அத்தொட்டிக்கு மின்சாரம் கொண்டுபோக இரண்டு வழி பேசப்பட்டது. கம்பம் நட்டு ஊர் வழியாகச் சுற்றிப் போவது ஒன்று. மண்ணுக்கடியில் புதைத்து நேரே போவது மற்றொன்று. கம்பம் வந்தால் எங்களுக்கும் லைட்டு வரும் என்று ஆசைப்பட்டோம். தொட்டியில் படுத்து மலையைப் பார்ப்பவர்களுக்குக் கம்பம் இடைஞ்சல் என்று விடுதியார் புதைப்பதையே தேர்ந்தெடுத்தார்கள். தம்பி அடிபட்ட பிறகுதான் இது எங்களுக்குத் தெரிந்தது. நேர்வழி எங்கள் இடுகாட்டின் ஊடே போகிறது. எவரையும் கேட்கவில்லை. செத்தவர்கள் ஆட்சேபணை செய்யமாட்டார்கள் அல்லவா?

3. பள்ளம் வெட்டக் கூலிக்குப் போனவர்கள் எங்கள் ஆட்களே. பாறை தட்டியதும் ஒரு முழ ஆழம் போதும் என்றார் ஒப்பந்தக்காரர். மேலே செங்கல் பரப்பவில்லை, அடையாளக் கல் நடவில்லை. கறுப்பாக, மணிக்கட்டுப் பருமனில், தொட்டியை நோக்கிப் போனதால் அது தண்ணீர்க் குழாய் என்றே ஊர் முழுக்க நினைத்தோம். கரண்ட்டைக் கீழூர்களில் கம்பத்தின் மேல்தான் பார்த்திருக்கிறோம். காலடியில் ஓடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

4. சென்ற மாசியில் என் மாமனார் அர்ச்சுனன் இறந்தார். மருமகளின் உடன்பிறந்தவன் குழி வெட்டுவது எங்கள் வழக்கம். ஆகவே என் தம்பி தங்கவேல் வந்தான். வெட்டும்போது குறுக்கே அது தட்டுப்பட்டது. கடப்பாரை அதன் மேல்தோலைக் கிழித்ததை அவன் பார்க்கவில்லை. குழாய் உடைந்தால் பொல்லாப்பு என்று பதமாய் ஒதுக்கி வைக்க இரு கையாலும் பிடித்துத் தூக்கினான். ஐயோ, பிடித்த கை விடவில்லை. பாடைக்கு வைத்திருந்த மூங்கிலால் அடித்துத்தான் விலக்கினோம். கண் விழித்ததும், "தண்ணிக் கொழான்னு நெனச்சிதான்க்கா புட்ச்சேன்" என்றான். அவனை அழைத்தவள் நான்.

5. மறுநாள் விடுதி மேலாளர் வந்தார். தம்பியைப் பார்க்க அல்ல, கம்பியைப் பார்க்க. "பொணம் பொதைக்க வேற எடமே கெடைக்கலியா? இன்னா ஜனங்கய்யா நீங்க!" என்றார். தொட்டி நீர் ஆறிப்போய் விருந்தினர் திரும்பிவிட்டார்களாம். வேண்டுமென்றே கம்பியைச் சேதப்படுத்தினான் என்று தங்கவேல் மேல் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார்.

ஆகவே, தாங்கள் நேரில் விசாரித்து, அக்கம்பியை இடுகாட்டிலிருந்து எடுக்கவும், என் தம்பி ஜெயிலுக்குப் போகாமல் காக்கவும் வேண்டுகிறேன். அவன் எழுதப் படிக்கத் தெரியாதவன். வாக்குமூலத்தில் பெருவிரல் ரேகை வைக்க அவனை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அவனுடைய இரண்டு பெருவிரல்களையும் ஆஸ்பத்திரியில் எடுத்தாகிவிட்டது. எதை வைத்து ரேகை உருட்டுவது என்று தாங்களே அவர்களைக் கேட்டுச் சொல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: புளியங்கொல்லை
நாள்: 14-4-1986

இப்படிக்கு,
வே. அம்சவல்லி